நீ நுழையுற இடம்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

இங்க நான் நலம். அங்க நீங்களும் அக்காவும் நலமா இருப்பீங்கன்னு நம்புறேன். இல்லேன்னாலும் இந்தக் கடிதத்தைப் படிச்சதும் நலமாயிடுவீங்க.

நின்னுக்கிட்டிருந்தா முதல்ல உட்காருங்க. நமக்கு ஒரு ரெக்கார்டு போடப் போறாங்க மாமா! நான் சாயங்காலம் ஊதுற ஹோட்டல்ல ஒருத்தர் மூலை மேசையில ஒரே ஒரு காபியை வெச்சுக்கிட்டு ராத்திரி கடை மூடுற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். வீட்டுல சண்டை போட்டுட்டு வந்த ஆள்னு நெனச்சேன். பார்த்தா ரெக்கார்டு கம்பெனிக்காரர். ஜாஸ் ரெக்கார்டு, எட்டு பாட்டு, நீ தனியா ஊதுறியான்னு கேட்டார். தனியா மாட்டேன், ரெண்டு கிளாரினெட், இன்னொண்ணு எங்க மாமான்னு சொல்லிட்டேன். "அவர் எந்த பேண்டு?"ன்னார். "பேண்டு இல்ல, மரப்பட்டறையில அறுப்பு வேலை. ஆனா நான் எங்க நிறுத்துவேன்னு எனக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும்"னேன். மனுஷன் ஆறிப்போன காபியை ஒரே மடக்குல குடிச்சார். அப்புறம் சரின்னுட்டார்.

உங்களால மாசக்கணக்கா இங்க வந்து தங்க முடியாதுன்னு தெரியும். அதனால இப்படிப் பண்ணலாம். பியானோ, பேஸ், டிரம் மூணையும் இங்க பதிஞ்சு டேப் அனுப்புறேன். ஹெட்ஃபோன்ல அதைக் கேட்டுக்கிட்டே நீங்க ஊதுங்க. உங்க ஊதல் மட்டும் இன்னொரு மெஷின்ல பதிவாகட்டும், அதைப் பார்சல்ல போடுங்க. நான் அதுக்கு மேல ஊதிக்கிறேன். விதி பழைய விதிதான். நீங்க மூச்சு எடுக்கிற இடத்துல நான் நுழைவேன், நான் எடுக்கிற இடத்துல நீங்க. கேட்கிறவனுக்கு ரெண்டு பேரும் மூச்சே விடாத ஜென்மங்கன்னு தோணணும். உங்க கல்யாணத்தன்னிக்கு மாடிப்படியில உட்கார்ந்து ஊதினோமே, அப்பலேர்ந்து அப்படித்தானே.

எட்டாவது பாட்டு மட்டும் டேப்ல வேண்டாம். அதுக்குப் பியானோவும் வேண்டாம், டிரம்மும் வேண்டாம். செப்டம்பர்ல நீங்க கெளம்பி வர்றீங்க, ஒரே அறையில, ஒரே மைக் முன்னாடி, நாம ரெண்டு பேர் மட்டும். இதுக்கு ஏதாவது சாக்கு சொன்னீங்க, அக்காகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்.

உங்க பதிலுக்கு வாசல்லயே நிக்கிற,
மச்சினன்


ஜனவரி 28

அன்புள்ள மாப்ளே,

இங்க எல்லோரும் நலம். கொஞ்சம் சளி. இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் இருக்கிறதுதான். உன் அக்கா என்னைத் திட்டுற அளவுக்குத் தெம்பா இருக்கா.

உன் கடிதத்தைச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். "கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையைக் காணோம்னு ஊரே தேடுச்சு, ரெண்டும் படிக்கட்டுல உட்கார்ந்து பீப்பீ ஊதிக்கிட்டிருந்துதுங்க"ன்னு பழைய பஞ்சாங்கத்தை ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் வரல. சந்தோஷத்துல அழுறான்னு வெச்சுக்க.

வீட்டுல ஊதினா மாடி வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தடியால தரையைத் தட்டுறார். தட்டுறதுகூடப் பரவாயில்ல, தாளம் தப்பாத் தட்டுறார், அதைத்தான் தாங்க முடியல. அதனால பட்டறையில பலகை அடுக்குற ரூமுக்குப் போயிட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரம்பமெல்லாம் தூங்கும். சுத்தி முழுக்கப் பலகை, சத்தம் வெளியவும் போகாது, எதிரொலிக்கவும் செய்யாது. மரத்தூள்தான் கொஞ்சம் மூக்குல ஏறும். இத்தனை வருஷம் அதைத்தானே தின்னோம்.

ரெண்டு பாட்டு அனுப்பியிருக்கேன். நான் மூச்சு எடுக்கிற இடமெல்லாம் கதவைத் திறந்தே வெச்சிருக்கேன். காலைத் துடைச்சுட்டு நுழை.

செப்டம்பர்ல வர்றேன். நல்ல சட்டை ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்.

உன் அக்காவைக் கட்டின பாவத்துக்கு உன்கூடயும் ஊதுற,
மாமா


பிப்ரவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்க சளி போச்சா? வெந்நீர் குடிங்க.

டேப் வந்துச்சு. மாமா, என்னத்தைச் சொல்ல! பியானோக்காரன் எந்திரிச்சுக் கைதட்டினான். அவன் சொந்தத் தங்கச்சி பாட்டுக்கே கைதட்டாத பய. ரெண்டு பாட்டையும் ஒரே நாள்ல முடிச்சுட்டேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். ஸ்டுடியோவுல சவுண்டு பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கார், எல்லாரும் அவரைக் "காது"ன்னுதான் கூப்பிடுவாங்க. பக்கத்துத் தெருவுல எறும்பு தும்மினாலும் கேட்கும் அவருக்கு. நீங்க ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மூச்சு இழுக்கிறது மைக்குல ரொம்பப் பெருசா விழுதாம். நான்தான் எடுத்துடுங்கன்னு சொன்னேன். பிளேடால அந்தத் துண்டை வெட்டிட்டு அதே நீளத்துக்கு வெறும் டேப்பை ஒட்டிடுறார். சுத்தமா இருக்கு. இனிமே மைக்கைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க.

ரெண்டு நாள் முன்னாடி பட்டறைக்குப் போன் போட்டேன். நீங்க லீவுன்னாங்க. லீவு போடுற ஆளா நீங்க? எங்கயாவது அக்காவோட ஊர் சுத்தப் போயிட்டீங்களா?

அடுத்த டேப்புக்குக் காத்திருக்கும்,
மச்சினன்


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்ளே,

நலம். தாமதத்துக்குத் திட்டாதே. வேலை, அப்புறம் முதலாளியோட ஒரு சின்ன மனஸ்தாபம். அதான் லீவு. நீ அதையெல்லாம் மண்டையில ஏத்திக்காதே.

மூணு பாட்டு அனுப்பியிருக்கேன். இதுல நான் ஒரு புது வழி பிடிச்சிருக்கேன். குறைச்சுத்தான் ஊதுறேன். வயசாக ஆக மனுஷன் பேச்சைக் குறைக்கணும் இல்லையா? முன்ன ஒரே இழுப்புல சொன்னதை இப்ப நாலா உடைச்சுச் சொல்றேன். நடுவுல நடுவுல உனக்கு நிறைய இடம் இருக்கும். தாராளமா ஓடி ஆடு. உட்கார்ந்துக்கிட்டு ஊதிப் பார்த்தேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு. நின்னுக்கிட்டு ஊதினவன்லாம் என்னத்தைக் கண்டான்?

வீட்டுலயேதான் பதிஞ்சேன். ஹெட்மாஸ்டர் இப்பல்லாம் தட்டுறதே இல்ல.

மூச்சை வெட்டுறாராமே உங்க காது. வெட்டிக்கட்டும். ஆனா உனக்கு எங்க நுழையணும்னு என் மூச்சுதானே சொல்லும்? அது இல்லாம எப்படித் தெரியுது உனக்கு?

என்னிக்கும் போல,
மாமா


ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலம், நலத்துக்கு மேல நலம்!

வெட்டுறதுக்கு முன்னாடி கேட்டு வெச்சுக்கிறேன் மாமா, கவலைப்படாதீங்க. இந்த மூணு பாட்டும் எங்கயோ போயிடுச்சு. அந்த இடைவெளி இருக்கே! "உன் மாமா சும்மா இருக்கக் கத்துக்கிட்ட ஆளுய்யா, அது எங்க யாருக்கும் வரல"ன்னு பியானோக்காரன் சொல்றான். கம்பெனிக்காரர் உங்களைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுறார். நீங்க விட்ட இடத்துல எல்லாம் நான் பூந்து விளையாடிட்டேன். வாழ்க்கையில இவ்வளவு நல்லா நான் ஊதினதே இல்ல. அஞ்சு பாட்டும் முடிஞ்சதை ஒரு டேப்பா அனுப்பியிருக்கேன், அக்காவோட உட்கார்ந்து கேளுங்க.

ஹெட்மாஸ்டரே ரசிகராயிட்டாரா? அப்ப ரெக்கார்டு ஓடிடும்!

அடுத்ததுல இன்னும் குறைச்சு ஊதுங்க மாமா. இன்னும் இடம் விடுங்க.

குதிச்சுக்கிட்டே எழுதுற,
மச்சினன்


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? போன தடவை போட்டோவுல கழுத்து எலும்பு தெரிஞ்சுது.

மாமா எழுதச் சொன்னார். அவருக்குக் கை கொஞ்சம் அலுப்பா இருக்காம். ஆறாவது பாட்டு இதோட இருக்கு. நீ அனுப்பின டேப்பை தினமும் போட்டுக் கேட்கிறார். கட்டிலை முன் ரூமுக்கு மாத்திட்டோம், இங்க காத்து நல்லா வருது.

செப்டம்பர்ல மாமா அங்க வர்றதுக்குப் பதிலா, நீ இப்ப ஒரு நடை இங்க வந்துட்டுப் போக முடியுமா? ரெண்டு நாள் போதும். சும்மாதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை மாமா படிச்சுட்டுத்தான் உறை ஒட்டுவார். அதனால மத்தபடி எல்லோரும் நலம்.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். அக்கா, நான் ஒழுங்காச் சாப்பிடுறேன், அந்த போட்டோ எடுத்தவன் சரியில்ல. இப்ப வர முடியாதுக்கா. ஹோட்டல்ல இதுதான் கூட்டம் வர்ற நேரம், ஒரு நாள் போகலேன்னாலும் என் இடத்துல வேற ஆளை நிறுத்திடுவான். செப்டம்பர்தான் இதோ வந்துடுச்சே. உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன்.

மாமா, இப்ப உங்க பஞ்சாயத்து. ஆறாவது பாட்டுல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? ரெண்டு சுரம், நிறுத்தம். மூணு சுரம், நிறுத்தம். இடம் விடச் சொன்னேன், வீட்டையே காலி பண்ணிட்டுப் போகவா சொன்னேன்? கம்பெனிக்காரரே கேட்டுட்டார், "என்னய்யா, உங்க மாமாவுக்கு இஷ்டம் இல்லையா?"ன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்னை நம்பித்தானே அவர் உங்களை எடுத்தார்? சோம்பேறித்தனம் பண்ணாதீங்க மாமா. ஏழாவதுலயாவது ஒரு இடத்துல நல்லா நீட்டி ஊதுங்க, முன்ன ஊதுவீங்களே, கேட்கிறவனுக்கு மயக்கம் வர்ற மாதிரி.

இன்னொண்ணு. பின்னாடி தண்ணி கொதிக்கிற மாதிரி களகளன்னு ஒரு சத்தம் விடாம வருது. காதுக்குக் கோபம் வந்துடுச்சு. பாட்டு முழுக்க இருக்கிறதால வெட்டவும் முடியல. அக்கா, மாமா ஊதுற நேரத்துல அடுப்புல எதையும் வைக்காதே தாயே!

கோபமும் பாசமுமா,
மச்சினன்


ஆகஸ்ட் 4

அன்புள்ள மாப்ளே,

நலம். கையெழுத்து கோணலா இருக்கேன்னு பார்க்காதே, பேனா சரியில்ல.

நீ திட்டினது நியாயம்தான். ஏழாவது பாட்டு அனுப்பியிருக்கேன். அதுல மெட்டு கடைசியாத் திரும்பி வர்ற சுத்துக்கு முன்னாடி ஒரு இடத்துல நீ கேட்ட மாதிரி நீட்டியிருக்கேன். அது ஒண்ணுதான். அதுக்குள்ள நுழையாம கேளு. அடுப்பையும் அணைச்சுட்டுத்தான் ஊதினேன். உன் அக்கா பத்திரகாளி ஆயிட்டா. இருந்தாலும் உங்க காதுக்கு இந்தத் தடவை குறையே இருக்காது.

எட்டாவதுக்கு முதல் வரி மட்டும் ஊதி, கடைசியில பதிஞ்சிருக்கேன். மெட்டு இப்படி ஆரம்பிக்கலாமான்னு பாரு. உனக்குப் பிடிச்சிருந்தா மிச்சத்தைச் செப்டம்பர்ல பார்த்துக்கலாம். டேப்பை நிறுத்த மறந்துட்டேன், சும்மா ஓடியிருக்கு. அந்த மிச்சம் உனக்கு வேண்டாம், அழிச்சுட்டு வேற எதுக்காவது வெச்சுக்க.

ஒண்ணு சொல்லணும்னு தோணுது. அஞ்சு பாட்டு இருக்கிற அந்த டேப்பைக் கேட்கும்போதெல்லாம் சிரிச்சுக்கிறேன். நான் விட்ட இடத்துல ஒண்ணைக்கூட நீ காலியா விடல. சந்தோஷம்டா.

மாமா


ஆகஸ்ட் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்க நலமான்னு கேட்கவே மாட்டேன். அந்த நீட்டலைக் கேட்ட எவனும் அதைக் கேட்க மாட்டான்!

எப்படி மாமா? காது நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டார். நிறுத்துவார், இப்ப நிறுத்துவார்னு பார்த்துக்கிட்டே இருக்கோம், நீங்க நிறுத்தவே இல்ல. பார்த்தீங்களா, திட்டினாத்தான் வருது உங்களுக்கு. யார் சொன்னா வயசாச்சுன்னு? எட்டாவதோட முதல் வரியும் கேட்டேன், அதேதான், அப்படியே ஆரம்பிக்கலாம்.

டிக்கெட் இதோட இருக்கு, உங்க ரெண்டு பேருக்கும். ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். அந்த நல்ல சட்டையை மறந்துடாதீங்க.

நாளை எண்ணிக்கிட்டிருக்கும்,
மச்சினன்


செப்டம்பர் 25

தம்பிக்கு,

நீ பத்திரமா ஊர் போய்ச் சேர்ந்தது தெரிஞ்சுது. இந்தத் தடவை நலம் விசாரிக்கிற மாதிரி எதுவும் எழுதப் போறதில்ல.

மாமா காரியத்துக்கு நீ வந்திருந்தப்ப வீடு முழுக்க ஆள். எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரி உன்கிட்டயும் "திடீர்னு போயிட்டார்"னு சொல்லிட்டேன். உன் முகத்தைப் பார்த்து வேற எதுவும் வாய்ல வரல. அது திடீர்னு இல்லடா. மரத்தூள் நெஞ்சுல போய்க் கல்லா இறங்கிடுச்சுன்னு டாக்டர் டிசம்பர்லயே சொல்லிட்டார். அப்புறம்தான் உன் முதல் கடிதம் வந்துச்சு. அதைச் சத்தமாப் படிச்சுட்டு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினார். "தெரிஞ்சா பையன் என் மூச்சைப் பார்த்துப் பார்த்துப் பயந்து பயந்து ஊதுவான். அது ஜாஸே இல்ல"ன்னார். அவருக்கு அது நல்ல காரணமாப் பட்டுச்சு. நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது.

குறைச்சு ஊதுற புது வழி எல்லாம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான் முடிஞ்சுது. நீ கேட்ட அந்தக் களகளச் சத்தம் என் அடுப்பு இல்ல. ஆக்சிஜன் சிலிண்டர்ல தண்ணி பாட்டில் ஒண்ணு மாட்டியிருப்பாங்க, அதுல காத்து கொப்பளிக்கிற சத்தம். நீ வர்றதுக்குள்ள அதை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் குடுத்துட்டோம். நீ திட்டி எழுதினதைப் படிச்சுட்டு ஏழாவது பாட்டுக்கு அதை அணைக்கச் சொன்னார். நான் முடியாதுன்னு கத்தினேன். அவரே எந்திரிச்சு அணைச்சார். அந்த ஒரு நீட்டலுக்கு அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவர் உதடு நீலமாவே இருந்துச்சு.

உன் மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. உனக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும், அப்படியும் இருக்கு. மறைக்க விருப்பமில்ல.

ஒண்ணு கேட்கிறேன். நீ அனுப்பின டேப்புல எல்லாம் பாட்டு இருக்கு, அவர் இல்ல. அவர் மூச்சு விடுற சத்தம் இருக்கிற டேப் எதாவது இருந்தா அனுப்பு. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைப் பக்கத்துல கேட்டுத் தூங்கினவ நான். இப்ப ரூம் ரொம்ப அமைதியா இருக்கு, தூக்கமே வரமாட்டேங்குது.

அக்கா


நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமலே இத்தனை நாள் எழுதல. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் நாக்கு வரல.

உன் கடிதத்தை எடுத்துக்கிட்டு நேரா ஸ்டுடியோவுக்குத்தான் ஓடினேன். வெட்டின துண்டெல்லாம் எங்கன்னு காதுகிட்ட கேட்டேன். "எது?"ன்னார். மாமாவோட மூச்சுன்னேன். அதெல்லாம் அன்னன்னிக்கே தரையில விழும், அன்னன்னிக்கே பெருக்கிடுவாங்கன்னு மெதுவாச் சொன்னார். ஆறாவது டேப்புலயும் களகளச் சத்தத்தைத்தான் விட்டிருந்தார், மூச்சை ஒண்ணு விடாம எடுத்திருந்தார். அக்கா, நான் எடுக்கச் சொல்லித்தான் அவர் எடுத்தார். நான் நுழையுறதுக்கு வழி காட்டின ஒவ்வொண்ணையும் நானே வெட்டிப் போடச் சொல்லியிருக்கேன். அந்த இடைவெளியில எல்லாம் என்ன ஆட்டம் ஆடியிருக்கேன்! இப்ப அந்த ரெக்கார்டை என்னால கேட்க முடியல. அவர் அங்க திணறிக்கிட்டிருக்கார், இங்க நான் குதிச்சுக்கிட்டிருக்கேன்.

ஏழாவது டேப்போட கடைசியில இருந்த எட்டாவது பாட்டோட முதல் வரி மட்டும் கை படாம இருந்துச்சு. அன்னிக்கு அந்த வரியைக் கேட்டதும் நிறுத்திட்டேன், மிச்சம் அழிக்கிறதுதானேன்னு. இப்ப முழுசும் ஓட விட்டேன். அக்கா, அவர் நிறுத்த மறக்கல.

முதல் வரி முடியுது. அப்புறம் நீ சிலிண்டரைத் திரும்பத் திறந்துட்டே போல, களகளன்னு அந்தப் பாட்டில் சத்தம், அவர் மூச்சு, கால் கட்டை விரல் தரையில தட்டுற சத்தம். ஒரு சுத்து, ரெண்டாவது சுத்து, தாளம் பிசகாம தட்டிக்கிட்டே இருக்கார். நடுவுல உன் குரல் வருது. "போதும், படுங்க"ன்னு சொல்றே. ஞாபகம் இருக்கா? அதுக்கு அவர், "இரு, பையன் ஊதிக்கிட்டிருக்கான்"னு சொல்றார்.

காது வெளிய போயிட்டார்.

அப்புறம் தினமும் ஸ்டுடியோவுக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். விதிப்படி அவர் மூச்சு எடுத்தா நான் நுழையணும். அவர் எடுத்துக்கிட்டே இருக்கார், என்னால நுழைய முடியல. போன வாரம்தான் ஊதினேன். அவர் கால் தட்டுறதுதான் தாளம். என் முறை வந்தா ஊதினேன், அவர் முறை வந்தா நிறுத்திட்டேன். அவர் முறையில அவர் மூச்சு மட்டும்தான் இருக்கு. முதல் தடவையா அவர் இடத்துல நான் நுழையல.

கம்பெனிக்காரர் கேட்டுட்டு, பாட்டு சரி, பின்னாடி அந்தத் தண்ணி கொதிக்கிற சத்தத்தை எடுக்க வழி இல்லையான்னார். அது போனா மத்த ஏழும் போகும்னு சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னாடி காது பேசினார். "அது அவர் வாத்தியம்"னார்.

அந்த டேப்பை அப்படியே அனுப்பியிருக்கேன், நான் ஊதாதது, அவர் மட்டும் இருக்கிறது. இது ஒண்ணுதான்க்கா மிச்சம்.

உன் தம்பி


டிசம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

டேப் வந்துச்சு. முதல் நாள் கவரைப் பிரிக்கவே பயமா இருந்துச்சு. மறுநாள் கட்டில் பக்கத்துல மெஷினை வெச்சுப் போட்டேன். "இரு, பையன் ஊதிக்கிட்டிருக்கான்"னு அவர் சொன்னதும் அன்னிக்கு எனக்கு வந்த எரிச்சல் அப்படியே திரும்ப வந்துச்சு. யாரும் இல்லாத ரூம்ல அவரைத் திட்டினேன். திட்டினதுக்கு அப்புறம் நல்லா இருந்துச்சு.

பாதியில மாடியில ஹெட்மாஸ்டர் தரையைத் தட்டினார். சத்தம் அதிகமோன்னு குறைச்சேன். தட்டுறது நிக்கல. அப்புறம்தான் புரிஞ்சுது, மாமா கால் தட்டுறதுக்கு மனுஷன் கூடத் தாளம் போடுறார். மாமா உடம்பு முடியாம வீட்டுல ஊதின நாளெல்லாம் இவர் படிக்கட்டுல வந்து உட்கார்ந்து கேட்பார், உனக்கு அது தெரியாது. தாளம் இன்னும் தப்பாத்தான் போடுறார்.

அந்த டேப் முடியுறதுக்குள்ள நான் தூங்கிட்டேன்.

கோபம் முழுசும் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். போகும். ஹோட்டல்ல விட்டா ரெண்டு நாள் வந்துட்டுப் போ. விடலேன்னாலும் வா. வரும்போது கிளாரினெட்டை எடுத்துட்டு வா, மாமாவோடது பெட்டியில தனியாக் கிடக்கு.

நீ எப்படி இருக்கே? நலம்னு ஒத்தை வார்த்தையில எழுதி அனுப்பிடாதே. நம்ம வீட்டுல அதை நிறையவே எழுதியாச்சு. நெஜமா எப்படி இருக்கேன்னு எழுது.

அக்கா